கயிறு எங்கே என்று அவர் கேட்டார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை. அடையாறு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், சிவில் இறுதியாண்டு மாணவர்களுக்குக் கட்டுமானப் பாதுகாப்பு பற்றி வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். நிரந்தர ஆசிரியர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்ட நேரம்தான் என்னைப் போல வெளியிலிருந்து வந்து போகிறவர்களுக்குக் கிடைக்கும்.

ஸ்டாஃப் ரூமில் எனக்கென்று நாற்காலி கிடையாது. கான்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்க்கும் லேபில், ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் இருக்கும். வகுப்புக்கு அரை மணி முன்பே வந்து அதில் உட்கார்ந்திருப்பேன். லேப் உதவியாளர் சில நாள் தலையாட்டுவார், சில நாள் அதுவும் இருக்காது. இரண்டு வருடம் போய்வந்தும் அங்கே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. மாணவர்களுக்கு நான் சேஃப்டி மேம், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. சைதாப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறை. கல்யாணம் அமையவில்லை. அம்மா இருந்தவரை பேச்சுத்துணை இருந்தது. அவள் போன பிறகு, சில நாட்களில் பால்காரரிடம் பேசிய இரண்டு வார்த்தைதான் அன்றைய மொத்தப் பேச்சாக இருக்கும். வாரத்தின் மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே சிறு கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு அறிக்கைகள் டைப் செய்து கொடுப்பேன். அதனால் புதன்கிழமைக்காக மனம் ஏங்கும். அறுபது பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மணி நேரம் அது.

கல்லூரிக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் கட்டடம் கட்டும் சைட்டுகளில் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்த்தவள் நான். அதனால் பாடப் புத்தகத்தை அதிகம் தொடமாட்டேன். ஹெல்மெட்டைக் கையில் கொடுத்து எடை பார்க்கச் சொல்வேன். உயரத்தில் வேலை செய்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் பெல்ட்டை ஒரு மாணவனுக்கு மாட்டிக் காட்டுவேன். தோளையும் தொடையையும் சுற்றிப் பட்டைகள், முதுகிலிருந்து ஒரு சிறு கயிறு, அதன் முனையில் ஒரு கொக்கி. கடைசியாக ஒரு கதை சொல்வேன். கதை என்றா சொன்னேன், என் கண் முன்னால் நடந்த சம்பவம்.

அபிராமபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ஒருவர் சாரத்துப் பலகையில் கால் வழுக்கி, இரண்டாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தார். பெல்ட் போட்டிருந்தார். ஆனால் கொக்கியை எதிலும் மாட்டவில்லை. கீழே மணல் குவியலின் ஓரத்தில் விழுந்ததால் உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பு உடைந்து, தலையிலும் பலத்த அடி. பெல்ட் உடம்பில் இருந்தது, கொக்கி காற்றில் தொங்கியது, ஒரு நொடி அலட்சியம் என்று முடிப்பேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. தூங்கி வழிந்துகொண்டிருந்த பையன்கூட நிமிர்ந்து உட்காருவான். வருடக் கடைசியில் மாணவர்கள் எழுதிக் கொடுக்கும் கருத்துத் தாளில், அந்தச் சம்பவத்தை மறக்கவே முடியாது என்று பலர் எழுதியிருப்பார்கள். அதைப் படித்துப் படித்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இப்போது அதை எழுதவே கூசுகிறது.

அந்தப் புதன்கிழமையும் சொல்லி முடித்தேன். பிறகு மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அதுவரை வகுப்பில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஏதோ சைட்டில் பயிற்சிக்குப் போயிருந்ததாகவும், அங்கேயும் எல்லோருக்கும் பெல்ட் கொடுத்திருந்ததாகவும் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"மேம், அவரு அந்த ஹூக்கை எதுல மாட்டியிருக்கணும்?"

பாடத்தில் உள்ள பதிலைச் சொன்னேன். சாரத்துக் கட்டையில் மாட்டக் கூடாது. மொட்டைமாடியிலிருந்து தனியாக ஒரு கனத்த கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஆள் விழுந்தாலும் தாங்கக்கூடிய கயிறு. அதில்தான் மாட்ட வேண்டும் என்றேன்.

"அது தெரியும் மேம். உங்க சைட்ல அன்னிக்கு அந்தக் கயிறு இருந்துச்சா?"

என்னை மடக்குவதற்காக அவள் கேட்கவில்லை. அவள் போன சைட்டில் பெல்ட் இருந்தது, கயிறு இல்லை. அந்த மாதிரி இடத்தில் நாளைக்கு வேலைக்குப் போனால் தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்பினாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் நான் கடிகாரத்தைப் பார்ப்பது போலப் பார்த்து, அடுத்த வாரம் பேசலாம் என்றேன். பீரியட் முடியப் பத்து நிமிடம் இருந்தது. ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று கயிறு இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் மொட்டைமாடிக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்றுவதற்காக அதை அவிழ்த்திருந்தார்கள். திரும்பக் கட்டவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெயின்டர் சைட் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, கயிறு எங்கே, எதில் மாட்டுவது என்று கேட்டார். கேட்டது என் ஒருத்தியிடம்தான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அந்த வாரத்தில் ஏற்கெனவே இரண்டு முறை பாதுகாப்பு சரியில்லை என்று சைட் வேலையை நான் நிறுத்தியிருந்தேன். மேனேஜர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டார். சூப்பர்வைசர்கள் நான் வந்தாலே பேச்சை நிறுத்துவார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு வீட்டுக்காரர்கள் தினமும் வந்து சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முறையும் நிறுத்தச் சொல்லி, எல்லோருடைய வெறுப்பையும் வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை. உயரத்தில் வேலை செய்ய அனுமதி கொடுக்கும் தாள் ஒன்று உண்டு. அதில் கையெழுத்துப் போட்டேன். பதினோரு மணிக்கு அவர் விழுந்தார்.

ஆம்புலன்ஸ் வந்து, கூட்டம் கூடி, அந்தப் பரபரப்பு அடங்கிய பிறகு அண்ணாந்து பார்த்தால், மொட்டைமாடியிலிருந்து கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. யார் கட்டினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அறிக்கை எழுத வேண்டியது என் பொறுப்பு. தொழிலாளி பெல்ட் அணிந்திருந்தார், ஆனால் கொக்கியை மாட்டவில்லை என்று எழுதினேன். அந்த வரியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை எழுதி முடித்தபோது எனக்கு ஒருவித நிம்மதிகூட வந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போனேன். வார்டு வாசலிலிருந்து பார்த்தபோது அவருடைய மனைவி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். வாங்கிப்போன பழங்களைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டு மாதத்தில் வேலையை விட்டேன். பழைய ஆட்கள் யாரோடும் தொடர்பு வைத்துக்கொள்ளவில்லை. வேலை போனதும் ஆட்கள் விலகிப்போனார்கள் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விலகியது நான்தான். அதற்கும் அந்த மாணவியின் கேள்விக்கும் இடையில் ஐந்து வருடங்கள்.

வகுப்புக்கு மறுநாள், வியாழக்கிழமை டைப் செய்ய உட்கார்ந்தேன், ஒரு பக்கம்கூட நகரவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். திருச்சியில் இருக்கும் அண்ணன், வீட்டு ஓனர், கேஸ் ஏஜென்சி, கல்லூரி ஆபீஸ். இதைச் சொல்வதற்கு ஒருவர்கூட இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த சைட்டின் பழைய சூப்பர்வைசரை அழைத்தேன். நல்லவேளை, எண் மாறவில்லை. அந்தப் பெயின்டர் இப்போது ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கிரில் பட்டறையில் உட்கார்ந்தபடி செய்யும் வேலையில் இருக்கிறார் என்று சொன்னார். பழசை எதற்கு மேடம் கிளறுகிறீர்கள் என்றும் கேட்டார். சும்மா பார்க்கத்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்துப் போனேன். தொழிற்பேட்டை பக்கம் ஒரு குறுகலான தெரு. ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓடும் சத்தம், அடுத்ததில் வெல்டிங் பொறி. மூன்றாவது பட்டறை வாசலில், ஜன்னல் கிரில்களை வரிசையாகச் சாய்த்து வைத்து, தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து சிவப்பு பிரைமர் அடித்துக்கொண்டிருந்தார் அவர். தலைமுடி பாதி நரைத்திருந்தது. ஒரு கால் மட்டும் நீட்டியபடியே இருந்தது. நான் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றபோது அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"சைட் மேடம் தான? ஹெல்மெட் இல்லாம பாத்தா அடையாளமே தெர்ல."

உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போடச் சொல்லி, டீயும் சொல்லி அனுப்பினார். எழுந்து நிற்க முயன்றார். நான் வேண்டாம் என்று தடுத்தேன். அந்தக் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டதாம், குளிர் காலத்தில் வலிக்குமாம். உயரத்தில் ஏறுகிற வேலைக்கு இனி வழியில்லை. இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னார். பிறகு, நான் சற்றும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். தன்னுடைய தப்பால் எனக்கும் அன்றைக்குக் கெட்ட பெயர் வந்திருக்கும் என்றும், நான் வேலையையும் விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டதாகவும், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரியவில்லை. அன்று காலையில் நடந்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"டீ குட்ச்சது வரைக்கும் ஞாபகம் கீது மேடம். அப்பால கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி. நடுவுல ஒன்னுமே இல்ல."

தலையில் பட்ட அடியில் அன்றைய காலைப்பொழுது அவருக்கு அப்படியே அழிந்துபோயிருந்தது. கொக்கி மாட்டாமல் ஏறினாய் என்று மற்றவர்கள் சொன்னார்கள். கம்பெனிக் காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அவரும் நம்பிவிட்டார். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம்கூட, நான் கொக்கி மாட்டாமல் விழுந்தவன், நீயாவது ஒழுங்காக இரு என்று சொல்வாராம். வீட்டில் அது ஒரு வசைச் சொல்லாகவே ஆகிவிட்டதாம். மகள் கதவைத் தாழ் போடாமல் வந்துவிட்டால்கூட, அப்பன் புத்தி என்று அம்மா திட்டுவாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் எழுதிய ஒரு வரி, அவருக்கு அவரே வைத்துக்கொண்ட பெயராக மாறியிருந்தது.

அந்தக் காலைப்பொழுது இந்த உலகத்தில் என் ஒருத்தியிடம் மட்டும்தான் இருந்தது. டீயைக் குடித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி நான் எழுந்து வந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வந்தது. டீ ஆறும்வரை இருந்தது.

பிறகு சொன்னேன். தொட்டி ஏற்றியது, கயிறு அவிழ்த்தது, ஒன்பது மணிக்கு அவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது, கேட்டது, நான் கையெழுத்துப் போட்டது, விழுந்த பிறகு கயிறு தொங்கியது, அறிக்கை எழுதியது. வெல்டிங் சத்தத்தில் சில இடங்களை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் கேட்டுக்கீறேன்" என்றார்.

கேட்டீர்கள் என்றேன்.

"கயிறு எங்கன்னு கேட்டுக்கீறேன்" என்று மறுபடியும் தனக்குள் சொல்லிக்கொண்டார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிரஷ்ஷை எடுத்து, விட்ட இடத்திலிருந்து இரண்டு கம்பிகளுக்கு பிரைமர் அடித்தார். அடித்து முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"எங்க வூட்ல வந்து இத சொல்றியா மேடம்? நான் சொன்னா அது நம்பாது."

மனைவியைத்தான் அப்படிச் சொன்னார். வருகிறேன் என்றேன். விலாசம் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் வீடும் சைதாப்பேட்டைதான். நான் காய்கறி வாங்கும் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஆற்றங்கரைப் பக்கமாக இறங்கும் சந்து. ஐந்து வருடமாக ஒரே மார்க்கெட்டில் கீரை வாங்கியிருக்கிறோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனேன். முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு. அவருடைய மனைவி தி. நகரில் மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். ஞாயிறு ஒருநாள்தான் அவர் வீட்டில் இருப்பாராம். பத்தாவது படிக்கும் மகள் பாயில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். யார் இவர் என்பது போல அந்த அம்மா பார்த்தார். நான் சொல்ல ஆரம்பித்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். கடைசிவரை உட்காரவில்லை.

நான் முடித்ததும், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். இங்கேதான், சைதாப்பேட்டையில்தான் என்றேன். அவர் தன் கணவரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் பார்க்கக் கூடாத ஒன்று என்று மட்டும் பட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாயால சொல்லிட்டுப் போனா காத்தோட போயிடும். எழுதிக் குடுங்க" என்றார் அந்த அம்மா.

மகள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினேன். முழுப் பெயர், அன்றைக்கு நான் பார்த்த வேலை, என்ன நடந்தது என்பது. நடுவில் ஓரிடத்தில் கை நின்றது. இதைக் கொண்டு நாளைக்கு யாராவது என் மேல் கேஸ் போட்டால், போலீஸ் ஸ்டேஷனுக்கு என்னோடு வர ஒரு ஆள்கூட இல்லையே என்று தோன்றியது. மூன்று பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகளைப் படிக்கச் சொன்னார். அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கயிறு எங்கே என்று அவர் கேட்டார் என்ற வரி வந்தபோது குரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி, கொதிக்காத பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடினார். மகள் மிச்சத்தைப் படித்து முடித்தாள். தாளை வாங்கி, ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இருந்த பிளாஸ்டிக் கவரில் வைத்துவிட்டு, சரி, கிளம்புங்கள் என்றார் அந்த அம்மா. அதில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை.

சந்து முனை வரை பெயின்டர் என்னோடு வந்தார். நான் மெதுவாக நடந்தேன். முனையில் நின்று கேட்டார்:

"நான் கேட்டதுக்கு நீ இன்னா சொன்ன மேடம்?"

அதை நான் பட்டறையிலும் சொல்லவில்லை, தாளிலும் எழுதவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொட்டவில்லை. என்னுடைய பதிலை மட்டும் பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்தேன்.

"பாத்து ஏறுங்கன்னு சொன்னேன்" என்றேன்.

ஒரு ஆட்டோ எங்களைத் தாண்டிப் போனது.

"அதையும் எழுதிடு மேடம்" என்றார்.

திரும்பிப் போனோம். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் கவரைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தார். என் கையெழுத்துக்குக் கீழே இருந்த இடத்தில் அந்த ஒரு வரியை எழுதி, மறுபடியும் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதேன். அழுகை நின்றபோது மதியம் ஆகியிருந்தது. கீழ்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் அழுததையும் நிறுத்தியதையும் யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை வகுப்புக்குப் போனேன். போன வாரம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது என்று சொல்லி, அந்தச் சம்பவத்தை முதலிலிருந்து சொன்னேன், என் பதிலையும் சேர்த்து. இந்த முறை எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை. சில இடங்களில் திக்கியது. பின் பெஞ்சில் இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். ஒரு மாணவன் என்னை நேராகப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் மட்டும் எழுந்து, அப்படியானால் தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். கயிறு எங்கே என்று உன்னிடம் யாராவது கேட்டால், அதைக் கண்ணால் பார்க்கும்வரை கையெழுத்துப் போடாதே, அன்றைக்கு உன்னோடு யாரும் நிற்கமாட்டார்கள், அதையும் தெரிந்துகொண்டு போ என்றேன்.

விஷயம் துறைத் தலைவர் காதுக்குப் போனது. சொந்த விஷயங்களை வகுப்பில் பேச வேண்டுமா என்று மென்மையாகத்தான் கேட்டார். அடுத்த அரையாண்டில் எனக்கு வகுப்பு ஒதுக்கவில்லை. நானும் போய்க் காரணம் கேட்கவில்லை. பழைய கம்பெனிக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. பழைய மேனேஜர் மட்டும் ஒருநாள் போன் செய்து, இதனால் உங்களுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்டார். அந்தக் குடும்பம் தாளை ஒரு வக்கீலிடம் காட்டியிருக்கிறது. கேஸ் இன்னும் நடக்கிறது. இரண்டு முறை என்னைக் கூப்பிட்டார்கள், போய் இதையேதான் சொன்னேன். கோர்ட் வராந்தாவில் அந்த அம்மா ஒரு பெஞ்சில், நான் வேறொரு பெஞ்சில். பெயின்டர் தலையாட்டுவார். அந்த அம்மா என்னிடம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

போன வருடம் ஒருநாள் மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அந்த மாணவிதான். படிப்பை முடித்து ஒரு சைட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அன்று காலை சாரத்தில் ஏற வந்தவர்களை, கயிறு கட்டும்வரை ஏறக் கூடாது என்று ஏணிக்கு முன்னால் நின்று மறித்திருக்கிறாள். அரை நாள் வீணாகிவிட்டது என்று ஆளாளுக்குத் திட்டியிருக்கிறார்கள். கடைசியில் கட்டினார்களாம்.

"கட்டிட்டாங்க மேம். ஆனா காலைலேர்ந்து யாருமே என்கூடப் பேசல" என்றாள். குரல் உடைந்திருந்தது.

அவளைத் தேற்றும்படி ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றாள். நானும் சாப்பிடவில்லை, டப்பாவைத் திற, போனை வைக்க வேண்டாம் என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்துவிட்டு, ரசம் சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஜல்லி கொட்டும் சத்தம், கலவை மெஷின் சத்தம். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சாப்பிட்டு முடித்ததும், வேலைக்குப் போகிறேன் மேம் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இப்போதும் யாராவது ஒருவர் அலட்சியத்தால் அடிபட்டார் என்று கேள்விப்பட்டால், அதற்கு முன் அவர் யாரிடம் போய் என்ன கேட்டார், அதற்கு அங்கே இருந்தவர் என்ன பதில் சொன்னார் என்றுதான் என் மனம் முதலில் தேடுகிறது.